அயலான் சாவும் அடுக்கிய வினாக்களும்

பாடநூலில் வரும் உரைநடையைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காணும் ஆசிரியர், காலையில் கைக்கு வரும் செய்தித்தாளின் உரைநடையை அவ்வாறு பார்ப்பது அரிது. பார்த்தால், சில செய்திகளை எழுதும் முறையில் ஒரு வழக்கம் படிந்திருப்பது விளங்கும். பிறந்த நாட்டை விட்டு வேற்று நாட்டில் வாழ்ந்தவர் அங்கேயே இறந்துபட்டால் அச்சாவைச் சொல்லும் முறை அவற்றுள் ஒன்று. இறந்தவர் செல்வரும் புகழாளரும் ஆனால் செய்தி கதையாக வளர்கிறது. வினாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. கூலிக்கு வந்தவரானால் நான்கு வரியில் செய்தி முடிகிறது, வினாவே எழுவதில்லை. இவ்விரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றும். ஆயினும் இரண்டிடத்தும் நேரும் பிழை ஒன்றே. விடை காணத்தக்க வினாவைக் கேட்பார் இல்லை.

இதனை ஆராய்வதற்குக் கேமரன் மலையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று ஏற்றதாகும். அமெரிக்காவிற் பிறந்து, தாய்லாந்தில் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்து, பட்டு வாணிகத்தால் பெரும்பெயர் பெற்ற ஜிம் தாம்சன், 1967-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், தானா ராத்தாவை அடுத்த 'மூன்லைட்' பங்களாவிலிருந்து காணாமற்போனார். அப்போது அவருக்கு வயது 61. சிங்கப்பூர் நண்பர் ஒருவரின் விருந்தினராக அங்கே தங்கியிருந்தார். காலையில் தேவாலயம் சென்றார். பின்னர் நண்பர்களோடு மலைப்பக்கம் சென்று உண்டு திரும்பினார். மற்றவர்கள் ஓய்வெடுக்கப் போயினர். வெளியே காலடியோசை கேட்டதென்று வீட்டார் பிற்பாடு கூறினர். அவருடைய மேற்சட்டை, சிகரெட்டு, நெருப்பு மூட்டி, மருந்துப் பெட்டி ஆகியவை பங்களாவிலேயே இருந்தன. ஆள் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. 1974-இல் அவர் இறந்தவராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார்.

உறுதியாகச் சொல்லத்தக்க செய்தி இந்த ஒரு பத்தியில் அடங்கிவிடுகிறது. இதன்மேல் அரை நூற்றாண்டுக் காலம் அச்சாகிய தாள்களையோ அடுக்கினால் ஓர் அறை நிறையும்.

போலீசாரும் படைவீரரும் ஓராங் அஸ்லி வழிகாட்டிகளும் காட்டைச் சல்லடையாகச் சலித்தனர். பெரிய அளவிலான தேடுதல் பதினொரு நாள் நடந்தது. போமோக்கள் வந்தனர். ஞானதிருஷ்டி உடையவரென்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெயர்பெற்றிருந்த பீட்டர் ஹூர்க்கோஸ் என்பவரும் வந்து, தாம்சன் கடத்தப்பட்டுக் கம்போடியாவில் இருக்கிறார் என்றார். பத்திரிகைகள் இதனையும் போலீசு அறிக்கைக்குக் கொடுத்த அதே எழுத்தளவில் வெளியிட்டன. புலி கொன்றது என்றனர். லாரி மோதியது, ஓட்டியவன் உடலைப் புதைத்துவிட்டான் என்றனர். கம்யூனிஸ்டுகள் கடத்தினர் என்றனர். தொழிற்போட்டியாளர் செயல் என்றனர். நாடு கடந்து சீனாவில் இருந்த முன்னாள் தாய்லாந்துப் பிரதமர் பிரிடியைக் காணப் போனார் என்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் தாம்சனின் தமக்கையார் அமெரிக்காவில் தம் வீட்டிலேயே கொலையுண்டார். அந்தக் கொலைக்கும் கேமரன் மலைக்கும் தொடர்பு காட்டும் சான்று எதுவும் வெளிப்படவில்லை. ஆயினும் இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்த உடனே, இடையில் ஒரு கயிறு இருப்பதாகப் படிப்போர் மனம் தானே முடிந்துகொண்டது.

இத்தனை கதைகளும் எங்கிருந்து முளைத்தன? இறந்த இடத்திலிருந்து அல்ல, இறந்தவரின் அடைமொழியிலிருந்து. 'பட்டு அரசர்' என்று தலைப்பிட்டாயிற்று. அரசர் என்றால் பகைவர் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவுத்துறையாகிய ஓ.எஸ்.எஸ்.-இல் பணியாற்றியவர் என்று எழுதியாயிற்று. ஒற்றர் என்றால் சதி வேண்டும். பேங்காக்கில் பழைய தாய் மரவீடுகளைக் கொணர்ந்து இணைத்துக் கால்வாய்க் கரையில் அவர் எழுப்பிய இல்லத்தைப் பற்றியும், எதிர்க்கரையில் பான் குருவா நெசவாளர் நெய்த துணி அமெரிக்க நாடக மேடை வரை சென்றதைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதினர். இவை யாவும் உண்மையே, படிக்கச் சுவையானவையுமாம். ஆனால் ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குமேல் எந்தத் தடத்தில் நடந்தான் என்பதற்கு அவனுடைய பட்டு என்ன சான்று சொல்லும்?

நூல்களும் இக்குறையினின்று முற்றும் தப்பவில்லை. தாம்சனை நேரில் அறிந்தவரான வில்லியம் வாரன் 1970-இல் வெளியிட்ட வரலாறு இவற்றுள் மூத்தது, நிதானம் உடையது. அறியாததை அறியாதது என்றே விட்டுவிடும் நேர்மை அதில் உண்டு. 2004-இல் வந்த வேறொரு நூலோ 'தீர்ந்தது' என்பதையே வியப்புக்குறியோடு தன் தலைப்பாக்கிக்கொண்டது. தீர்ந்தது என்ற பிறகு அடங்கியதா? 2017-இல் 'ஜிம் தாம்சனைக் கொன்றவர் யார்' என்னும் பொருள்படும் தலைப்போடு ஆவணப்படம் ஒன்று வந்து வேறு விடை கூறிற்று. இடையில் 2011-இல் ஜோஷுவா குர்லான்சிக் எழுதிய நூல் சற்று வேறு வகை. தாம்சன் எவ்வாறு மறைந்தார் என்பதைவிட, ஆசியாவில் அமெரிக்கா நடத்திய போர்களுக்கும் அவருக்கும் இருந்த உறவு எத்தகையது என்பதே அதன் வினா. அவ்வினாவுக்கு ஆவணங்களிலிருந்து விடை தேடலாம். அதனாலேயே அந்நூல் மற்றவற்றினும் கனமாக நிற்கிறது.

கேமரன் மலைக் காட்டில் நடந்து சென்று திரும்பாத ஒரு ஜப்பானியத் தோட்டக் கலைஞரைப் படைத்து டான் டுவான் எங் எழுதிய ஆங்கில நாவல் 2012-ஆம் ஆண்டின் மான் ஆசிய இலக்கியப் பரிசைப் பெற்றது. நாவலாசிரியர் அம்மறைவை விடுவிக்காமல் விடலாம். அது கலைக்கு உள்ள உரிமை. செய்தி எழுதுவோர் அவ்வுரிமையைக் கடன் வாங்கும்போதுதான் கேடு வருகிறது.

அதே மலைத்தொடரில் வேறொரு வெள்ளையரும் மறைந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. டெமியார் மக்களிடையே வாழ்ந்து, அவர்களுள் ஒரு பெண்ணையே மணந்துகொண்ட மானிடவியலாளர் பாட் நூன், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் 1943-இல் காட்டுக்குள் காணாமற்போனார். அவருடைய தம்பி ரிச்சர்டு நூன் போருக்குப் பின் மலாயாவில் பழங்குடியினர் துறையில் பணிபுரிந்தார். டெமியார்கள் இச்சாவைப் பற்றி நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. தம்பி அவசரப்படவில்லை, அம்மக்களோடு பழகி, ஆண்டுகள் கழித்து விடையைப் பெற்றார். அண்ணன் அவருக்கு நெருங்கிய டெமியார்களாலேயே, மனைவியை முன்னிட்ட பகையால், ஊதுகுழல் அம்பினால் கொல்லப்பட்டிருந்தார். ஒற்றர், சதி என்று எதுவும் அதில் இல்லை. எவர் வாயில் விடை இருந்ததோ அவரிடம் சென்று கேட்டதே அங்கு வேறுபாடு. இதே ரிச்சர்டு நூன் 1967-இல் தாம்சனைத் தேடவும் வந்தார். அவர் காட்டுக்குள் இல்லை என்பதே தம் கருத்து என்று சொல்லித் திரும்பினார். அதற்கு மேல் கதை கட்டவில்லை.

தமிழில் இவ்வகை வினாமுறைக்கு ஓர் அளவுகோல் உண்டா எனின், சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தைக் காட்டலாம். கோவலன் மதுரைக்கு அயலான். சோழநாட்டான், பாண்டியன் தலைநகரில் சிலம்பு விற்க வந்தவன். அவனுக்கு அங்கே பெயரில்லை, முகவரியில்லை, இன்னான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கண்ணகியின் கற்பையும் நகர் எரிந்ததையும் வகுப்பில் விரிவாகச் சொல்லும் ஆசிரியர்கள், இது வேற்றூரில் ஓர் அயலான் கொலையுண்ட வழக்கு என்னும் கோணத்தை விட்டுவிடுகின்றனர்.

கொலைக்களக் காதையை அவ்வாறு படித்துப் பார்க்க வேண்டும். காவலர் கோவலனைக் கண்டதும் ஐயுறுகின்றனர். இவன் தோற்றம் கள்வனுக்குரியதாக இல்லையே என்கின்றனர். அதாவது, சரியான வினா எழுந்துவிட்டது. அந்நேரம் பொற்கொல்லன் என்ன செய்கிறான்? கோவலனைப் பற்றி ஒரு சான்றும் காட்டவில்லை. கள்வர் என்போர் எத்தகையவர் என்று பேசத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகளை எண்ணிக் காட்டுகிறான். முன்னொரு காலத்துக் கள்வன் கதையைச் சொல்கிறான். கேட்டிருந்த காவலருள் இளையவன் ஒருவன் தானும் ஒரு கதை சொல்கிறான். கதைமேல் கதை வர, எதிரில் நிற்பவன் யார் என்னும் வினா மறைந்து போகிறது. கல்லாதவன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கேமரன் மலைச் செய்திகளில் ஒற்றர் இயல்பும் கம்யூனிஸ்டு இயல்பும் புலி இயல்பும் பேசப்பட்டது இவ்வகைப் பேச்சே. பொதுக் கதை வந்து அமர்ந்தால் தனி மனிதனுக்கு இடமில்லை.

அடுத்து, சாவுச் செய்தி கண்ணகியை அடையும் இடம். துன்பமாலையில் செய்தி கொணரும் ஆயர்குலப் பெண் வாய்விட்டுச் சொல்ல மாட்டாமல் நிற்கிறாள். ஏதிலார் பேசிக்கொண்டது என்ன என்று கண்ணகி மும்முறை கேட்கிறாள். 'ஏதிலார்' என்ற சொல்லை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். ஊரில் அடிபடும் பேச்சு தனக்கு உறவில்லாதார் பேச்சு என்பதைக் கேட்கும்போதே அவள் பிரித்துவிடுகிறாள். அப்பெண்ணும் விடை கூறுகையில் கள்வன் என்று தன் வாயால் தீர்ப்பளிக்கவில்லை. 'ஆம்' என்னும் இடைச்சொல்லைச் சேர்த்து, பிறர் அவ்வாறு சொன்னதாகவே சொல்கிறாள். கொலையை நாடியவர் காவல் வீரர் என்பதையும் மறைக்கவில்லை. கேட்டது இது, செய்தவர் இவர் என்று இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. கல்வி பெற்ற செய்தியாளர் பலருக்கு வாராத இலக்கணம் அந்த ஆய்ச்சிக்கு வந்திருக்கிறது.

இன்றைய செய்தியில் இந்த 'ஆம்' எங்கே போயிற்று? 'நம்பப்படுகிறது', 'கூறப்படுகிறது', 'சந்தேகிக்கப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வினைகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நம்புபவர் யார்? கூறியவர் யார்? எழுவாய் மறைந்ததும் பொறுப்பும் மறைகிறது. 'அயல்நாட்டவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதாக நம்பப்படுகிறது' என்னும் வாக்கியத்தை மாணவரிடம் கொடுத்து, நம்பியவரைக் கண்டுபிடிக்கச் சொன்னால் வகுப்பு முழுவதும் விழிக்கும்.

வழக்குரை காதையில் கண்ணகி அரசன் முன் எடுத்த எடுப்பில் தன் ஊரையும், கணவன் பெயரையும், அவன் தந்தை பெயரையும் கூறுகிறாள். அயலானாக இறந்தவனுக்கு முதலில் முகவரி கொடுத்தாயிற்று. கள்வனைக் கொல்வது முறையே என்கிறான் அரசன். அவள் நீதியைப் பற்றி நெடிது விவாதிக்கவில்லை. பொற்கொல்லன் யார், ஏன் சொன்னான், எவர் தூண்டினார் என்று ஆராயவும் இல்லை. தன் சிலம்பின் உள்ளிருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பு வந்தது, உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. உடைத்துப் பார்த்தால் எவரும் மறுக்கவியலாத விடை தரும் வினா அது. தாம்சனைப் பற்றி எழுந்த நூறு வினாக்களில் இப்படி உடைத்துப் பார்க்கத்தக்கது எத்தனை?

இனி, பெயரற்றோர் சாவுக்கு வருவோம். இவர்களைப் பற்றி எவரும் ஒருபோதும் சரியாகக் கேட்டதில்லை என்று சொல்வது மிகையாகும். சிங்கப்பூரில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1980-களில் அங்குக் கட்டுமான வேலைக்கு வந்த தாய்லாந்து இளைஞர்கள், பகல் முழுவதும் நன்றாக உழைத்து, இரவில் உறங்கியவர்கள் காலையில் எழாமல் இறந்து கிடந்தனர். ஒருவர் இருவர் அல்லர்; 1982 முதல் 1990 வரை 200-க்கும் மேற்பட்டோர். அவர்களுடைய ஊர்களில் இதற்கு முன்னரே ஒரு விளக்கம் இருந்தது. கணவனை இழந்து இறந்த பெண்ணின் ஆவி, ஆண்களை உறக்கத்தில் கொண்டுபோகிறது என்பர். அதை ஏமாற்ற ஆண்கள் பெண்ணுடை உடுத்துப் படுப்பதும் உண்டு. உணவில் நஞ்சு கலந்ததோ என்ற பேச்சும் எழுந்தது. செய்தித்தாளுக்கு ஆவியைவிடச் சுவையான தலைப்பு வேறு ஏது?

ஆனால் அங்கே சிலர் பரலைக் கேட்டனர். சிங்கப்பூரின் புகழ்பெற்ற சவப்பரிசோதனை மருத்துவர் சாவ் சீ செங்கும் உடன் ஆய்ந்த மருத்துவர்களும் இச்சாவுகளைத் தொகுத்து 1990-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினர். இறந்தவர் யார், வயது என்ன, எந்நேரம், உடலைத் திறந்து பார்த்தால் என்ன காண்கிறது என்பன போன்ற எளிய வினாக்களே இத்தகைய ஆய்வுக்கு அடிப்படை. 1992-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்களாகிய புருகாடா உடன்பிறப்புகள் இதயத்தின் மின்னோட்டத்தில் உண்டாகும் ஒரு கோளாற்றை வரையறுத்தனர். 1997-இல் தாய்லாந்து ஆடவர்களை ஆய்ந்த மருத்துவர்கள், இந்த உறக்கச் சாவுக்கும் அக்கோளாற்றுக்கும் உள்ள உறவைக் காட்டினர். சிமெண்டு சுமக்க வந்த இளைஞர்களின் சாவை ஒழுங்காக எண்ணிப் பார்த்ததும் மருத்துவ நூலில் ஓர் அத்தியாயம் உருவாவதற்குத் துணையாயிற்று. எண்ணாமலிருந்தால், ஆவியே விடையாக இருந்திருக்கும்.

இப்படிக் கேட்கும் வழக்கம் எங்கும் பரவிவிடவில்லை. வளைகுடா நாடுகளில் இறக்கும் இந்திய, நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளரின் சான்றிதழ்களில் 'இயற்கை மரணம்', 'இதயம் நின்றது' என்றே பெரும்பாலும் எழுதப்பட்டதைப் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. இதயம் நிற்பது சாவின் மறுபெயர், அது காரணமாகாது. எரிந்த வீட்டைப் பார்த்து, 'நெருப்பால் எரிந்தது' என்று அறிக்கை எழுதுவது போன்றது அது. கத்தார் அரசு அமர்த்திய சட்ட நிறுவனம் ஒன்றே 2014-இல், இவ்வாறு திடீரென இறப்போர்க்குச் சவப்பரிசோதனை செய்ய வழிவகுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2021-இல் 'கார்டியன்' இதழ், ஏறக்குறையப் பத்தாண்டில் ஐந்து தெற்காசிய நாட்டினர் 6,500-க்கும் மேற்பட்டோர் அந்நாட்டில் இறந்ததாகக் கணக்கிட்டு எழுதியது. உலகெங்கும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டனர். விளையாட்டரங்கம் கட்டும்போதே அத்தனை பேரும் மாண்டதாக எழுதியவரும் உண்டு. அந்த எண்ணில் எல்லாத் தொழிலினரும், எல்லாக் காரணமும் அடக்கம் என்பதை அச்செய்தியை முழுவதும் படித்தவர் அறிவர். பெரிய எண்ணைக் கண்டு பதைத்தவர்கள், இவர்களுள் எத்தனை பேருக்குச் சவப்பரிசோதனை நடந்தது என்ற சிறிய வினாவைத் தவறவிட்டனர். தமிழ்ச் செய்தித்தாள்களும் இதில் விலக்கல்ல. 'மாரடைப்பால் காலமானார், உடலை ஊருக்குக் கொண்டுவர உறவினர் கோரிக்கை' என்பதோடு செய்தி நின்றுவிடுகிறது. முப்பது வயது நிரம்பாதவனுக்கு மாரடைப்பு வந்தது எங்ஙனம் என்று அடுத்த வரி கேட்டிருக்க வேண்டும்.

தாம்சன் பேங்காக்குக்கு வந்த ஆண்டு 1945. போர் முடிந்த புதிது. அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபர் திங்களில் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் வேறொரு தேடுதல் நடந்துகொண்டிருந்தது. ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த சயாம்–பர்மா இருப்புப்பாதை நெடுகிலும், நேசநாட்டுப் போர்க்கைதிகளின் புதைகுழிகளைத் தேடி ஒரு குழு சென்றது. கைதிகள் தம் தோழர் இறந்த நாளையும் இடத்தையும் காவலர் கண்ணுக்குத் தப்பி எழுதி வைத்திருந்தனர். அக்குறிப்புகளைத் துணைகொண்டு 144 இடங்களில் 10,549 கல்லறைகளைக் குழு கண்டது. காஞ்சனபுரியில் இன்று ஏறக்குறைய 7,000 பேர் வரிசை வரிசையாகக் கிடக்கின்றனர். பலர் தலைமாட்டில் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்த தகடு உண்டு. இறந்த கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் 80,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். எண்பதாயிரமா, நூறாயிரமா? இடையில் இருபதாயிரம் பேர். அந்த இருபதாயிரம் என்னும் ஐயமே, கேட்க வேண்டியதை எவரும் கேட்கவில்லை என்பதற்குச் சான்று.

இவர்கள் பெயரில்லாமல் பிறந்தவர்கள் அல்லர். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டுத்தான் வேலைக்கு அனுப்பினர். கிராணியாரின் செக்ரோல் புத்தகத்தில் பெயர் இருந்தது. வேலை செய்த நாளுக்கு அரைப்பேர், முழுப்பேர் என்ற கணக்கு இருந்தது. கூலி கொடுப்பதற்கு இருந்த அந்தப் பட்டியல், சாவைக் கேட்பதற்கு எடுத்து வைக்கப்படவில்லை. ரயிலில் ஏறியவர் யார், திரும்பியவர் யார் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் 1946-இல் இரண்டு பட்டியலை அருகருகே வைத்திருந்தால் போதும். அவ்வளவு எளிய கணக்கு அது.

அவ்வினாவை நெடுங்காலம் கழித்துக் கேட்டவர்கள் இலக்கியக்காரர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலும் மலேசியத் தமிழர்க்கு இவ்வரலாற்றைத் திரும்பக் கொடுத்தன. இலங்கையின் கித்துல்கலைக் காட்டில் எடுக்கப்பட்டு 1957-இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தைப் பார்ப்பவர், அப்பாதையை வெள்ளைக் கைதிகளே தனித்துப் போட்டனர் என்று எண்ணி எழுந்து போவர். அப்படத்துக்கு மறுப்பாக ஆயிரம் கட்டுரை எழுதுவதினும் மேற்கண்ட இரண்டு நாவல்கள் செய்தது பெரிது. நாவலில் வருபவன் ஒருவனேனும் பெயரோடு சாகிறான்.

2023-இல் காஞ்சனபுரியில் இத்தமிழர் நினைவாக நடுகல் ஒன்று நிறுத்தப்பட்டது. போரில் வீழ்ந்தவனின் பெயரும் சிறப்பும் கல்லில் எழுதி, மயிற்பீலி சூட்டி வழிபடுவது பழந்தமிழர் நடுகல் மரபு. ஈண்டுக் கல் வந்துவிட்டது. அதில் எழுதவேண்டிய பெயர்களுள் சில, மூடப்பட்ட தோட்ட அலுவலகங்களின் பழைய செக்ரோல்களிலும், முதியவர் சிலரின் நினைவிலும், தாத்தா சயாமுக்குப் போனார் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும் குடும்பங்களிலும் இன்னும் கிடக்கலாம். தோட்டப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் 'தந்தை பெயர்' என்னும் கட்டத்துக்கு நேரே, 'சயாம் சென்றவர்' என்று எவரேனும் குறித்து வைத்திருக்கிறார்களா என்பதை, அப்பதிவேடுகள் கரையான் வாய்ப்படும் முன்னே, அவை இருக்கும் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு விடுமுறையில் எடுத்துப் பார்க்கலாம்.